பைத்துல் மாலும் நம் வீட்டு அடுப்பும்

(ஜும்ஆ உரை, 21.03.2025, ரமளான் பிறை 20)

  



ரமளானின் இரண்டாவது பத்து இன்று மஃக்ரிபோடு முடிகிறது. இஃதிகாஃப் இருப்பவர்கள் அஸர் முடிந்ததும் பாயும் தலையணையுமாக வந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமையில் லைலத்துல் கத்ரைப் பற்றித்தான் ஹஜ்ரத் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதை இன்று இரவு தராவீஹுக்குப் பிறகு பேசுவோம். இப்போது உங்கள் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, நாம் ஜும்ஆவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலை நேரத்தில், சென்னையில் சட்டமன்றத்தில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழ்நாடு பட்ஜெட்டை வாசித்தார். தராவீஹ் முடிந்து டீக்கடையில் நின்ற நம் ஆட்கள் இந்த ஒரு வாரமாக அதைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? ரூபாய் அடையாளத்துக்குப் பதிலாக 'ரூ' என்ற எழுத்தைப் போட்டார்களே, அதைப் பற்றி! அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் தொகை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒருவரும் பேசியதாகத் தெரியவில்லை.

"பட்ஜெட் துன்யா விவகாரம்தானே ஹஜ்ரத், மிம்பரில் அது எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். நேற்று நீங்கள் நோன்பு திறந்தீர்களே, அந்தக் கஞ்சிக்கான அரிசி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு ரமளானிலும் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது. அதற்கும் பட்ஜெட்டில்தான் பணம் எடுக்க வேண்டும். பட்ஜெட் உங்கள் கஞ்சிக் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே வைத்துவிட்டு எப்படிப் பேசுவது?

அதுவும் போகட்டும். ஒரு நபியின் வரலாற்றையே அல்லாஹ் பட்ஜெட்டோடு சேர்த்து நமக்குச் சொல்லித் தந்திருக்கிறான். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். அழகு, கிணறு, சிறை, கனவு என்றுதான் நமக்கு ஞாபகம் இருக்கும். எகிப்து மன்னர் கனவு கண்டார். கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்கின்றன. யூசுஃப் (அலை) விளக்கம் சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு திட்டமும் கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகள் விடாமல் பயிர் செய்யுங்கள், உண்பதற்குத் தேவையான கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கதிரோடு விட்டு வையுங்கள் என்றார்கள். கதிரிலேயே இருந்தால் தானியம் சீக்கிரம் கெடாது, பூச்சி அண்டாது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளை அந்தச் சேமிப்பை வைத்துக் கடக்கலாம். பதினான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாட்டின் வரவு செலவு!

பிறகு மன்னரிடம், நாட்டின் களஞ்சியங்களுக்கு என்னைப் பொறுப்பாக்குங்கள் என்று கேட்டார்கள். அதற்குத் தம்மிடம் உள்ள இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள். ஒன்று, காப்பாற்றுபவன். இரண்டு, அந்த வேலையை அறிந்தவன். பொதுப்பணத்தைத் தொடும் எவருக்கும், அவர் நிதியமைச்சராக இருக்கட்டும், நம் ஜமாஅத்தின் பொருளாளராக இருக்கட்டும், இந்த இரண்டும் வேண்டும். நல்லவராக இருந்து கணக்குத் தெரியாவிட்டால் களஞ்சியம் காலியாகும். கணக்குத் தெரிந்து நல்லவராக இல்லாவிட்டாலும் காலியாகும்.

இந்த வரலாற்றில் என் மனதை எப்போதும் தொடுவது அதற்கடுத்துத்தான் வருகிறது. பஞ்சம் வந்தபோது எகிப்தின் அந்தக் களஞ்சியத்துக்கு முன்னால் பை ஏந்தி வந்து நின்றவர்கள் யார்? கன்ஆனிலிருந்து வந்த யூசுஃபின் சொந்தச் சகோதரர்கள். ஆளுக்கு ஒரு ஒட்டகச் சுமை என்று அளந்து கொடுக்கப்பட்டது. தம்பியையும் அழைத்துப் போனால் இன்னொரு சுமை கிடைக்குமே என்று அவர்கள் தந்தையிடம் கெஞ்சியதையும் குர்ஆன் சொல்கிறது. யஃகூப் (அலை) என்ற நபியின் வீட்டில் அடுப்பு எரிந்தது கூட, எங்கோ ஒரு நாட்டின் அரசு ஒழுங்காகச் சேமித்து, ஒழுங்காகப் பங்கிட்டதால்தான். குடும்பத் தலைவர் தவக்குல் உள்ளவராக இருந்தாலும், பிள்ளைகள் உழைப்பாளிகளாக இருந்தாலும், ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு அந்த வீட்டுக்குள் மட்டும் இல்லை.

அந்தக் கண்ணோடு நம் பட்ஜெட்டைப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதற்கு மேல் செலவாகப் போவதால் விழும் பற்றாக்குறை 41,635 கோடி. 2026 மார்ச் முடியும்போது மாநிலத்தின் மொத்தக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்பது அந்த பட்ஜெட்டின் மதிப்பீடு. வட்டிக்கு மட்டும் ஓராண்டில் சுமார் 70 ஆயிரம் கோடி போகிறது. கணக்குப் போட்டால், அரசுக்கு நூறு ரூபாய் வருவாய் வந்தால் அதில் ஏறக்குறைய 21 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. இந்தக் கடன் ஒரு கட்சி வாங்கியதல்ல, ஆண்டவர்கள் எல்லோரும் வாங்கியது. 2025-26இல் மத்திய அரசு பகிர்ந்து தரும் வரியில் நமக்கு 4.079 சதவீதம்தான் வந்தது என்ற வழக்கும் இருக்கிறது. அதைப் பேச வேண்டியவர்கள் பேசுகிறார்கள். இந்த மிம்பரில் கட்சி பேசுவதில்லை. யூசுஃப் (அலை) அவர்களின் களஞ்சியத்தில் நல்ல ஆண்டின் மிச்சம் கெட்ட ஆண்டைக் காப்பாற்றியது. நம் களஞ்சியத்தில் நேற்றைய கடனுக்கான வட்டி இன்றைய பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் முந்திக்கொண்டு நிற்கிறது. வட்டியில் பரக்கத் இல்லை என்று நாம் ஓதுவது தனிமனிதனுக்கு மட்டுமான பாடம் என்று யார் சொன்னது?

வருகிற பக்கம் இருக்கட்டும், எடுக்கிற பக்கத்துக்கு வருவோம். பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில், புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை சம்பாதிப்பவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்று அறிவித்தார்கள். மாதம் ஒரு லட்சம் வாங்குபவருக்கு நிம்மதி. அல்ஹம்து லில்லாஹ், நம்மில் சிலருக்கும் அது பயன்படும். ஆனால் மாதம் எட்டாயிரத்துக்கு ஜவுளிக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வருமான வரி முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் 2025 மார்ச்சில் அவர் வாங்கும் சோப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டுக்கும் 18 இருந்தது. லட்ச ரூபாய் சம்பளக்காரரும் அதே சோப்புக்கு அதே வரியைத்தான் கட்டுகிறார். அவருக்கு அது தெரியவே தெரியாது. இவருக்கு மாதக் கடைசியில் தெரியும்.

அரிசியைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. உடனே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்துவிட்டன. நீங்களும் கடையில் பார்த்திருப்பீர்கள், அது ஏன் 26 என்று யோசித்திருக்க மாட்டீர்கள். மொத்தமாக 26 கிலோ வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை. அதே அரிசியை ஐந்து கிலோ பாக்கெட்டாக வாங்க மட்டுமே காசு உள்ளவருக்கு வரி. ரேஷனில் இலவச அரிசி கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த விதியை எழுதியவர் ஐந்து கிலோ வாங்கும் வீட்டுக்குள் ஒரு முறையாவது எட்டிப் பார்த்திருப்பாரா?

மார்க்கம் விதித்த ஜகாத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. உடுத்தும் துணிக்கு இல்லை. தச்சரின் உளிக்கும் தையல்காரரின் மெஷினுக்கும் இல்லை. தேவை போக மிஞ்சி, நிஸாபை எட்டி, ஓராண்டு உங்களிடம் தங்கிய பணத்திலும் பொன்னிலும்தான் இரண்டரை சதவீதம். விளைச்சலில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது. மழை நீரில் தானாக விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சி விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு. உழைக்காமல் கிடைத்த புதையலில் ஐந்தில் ஒரு பங்கு. வியர்வை கூடக் கூட விகிதம் குறைகிறது! முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் சொன்ன வரிசையும் அதுதான். அவர்களில் வசதி உள்ளவர்களிடம் எடுத்து அவர்களிலேயே ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். எடுக்கும்போது அவர்களுடைய பொருளில் மிகச் சிறந்ததாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவைப் பயந்துகொள்ள வேண்டும். வரி வசூலிக்கப் போகும் அதிகாரிக்கு இப்படி ஓர் அறிவுரை!

அப்படியானால் ஜகாத்தைத் தவிர வேறு வரியே கூடாதா என்று கேட்டால், நம் இமாம்கள் அப்படிச் சொல்லவில்லை. பொதுத் தேவை இருந்து கஜானா காலியானால் வசதி உள்ளவர்கள் மீது வரி போடலாம் என்று இமாம் கஸ்ஸாலி, இமாம் ஷாதிபி போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஒரு வரிசை முறை உண்டு. பக்தாத் 1258இல் தாத்தாரியர் கையில் அழிந்தது. அடுத்தது எகிப்து என்ற நிலை. சுல்தான் குத்ஸ் படை திரட்ட மக்களிடம் வரி வாங்கலாமா என்று ஆலோசனை கேட்டபோது இமாம் இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ்ஸலாம் சொன்ன பதில் பிரபலமானது. முதலில் கஜானாவில் உள்ளது தீரட்டும். பிறகு தளபதிகளே, உங்கள் தங்க இடுப்புப் பட்டைகளையும் ஆபரணங்களையும் விற்றுச் செலவழியுங்கள். உங்கள் ஒவ்வொருவரிடமும் குதிரையும் ஆயுதமும் மட்டுமே மிஞ்சி, நீங்களும் சாதாரண மக்களும் சமமாக ஆன பிறகு மக்களிடம் வாருங்கள். இதுதான் அவர்கள் பதிலின் சாரம். எதிரி வாசலில் நிற்கும்போது கூட அந்த இமாம் அந்த வரிசையை விட்டுக் கொடுக்கவில்லை. 1260இல் ஐன் ஜாலூத்தில் வெற்றியும் கிடைத்தது.

இந்த இடத்தில் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். வரி அநியாயம் என்று பேசுகிறோம். ஆனால் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, அதை அரசுக்குக் கட்டாமல் கல்லாவில் வைத்துக்கொள்வது வரி எதிர்ப்பு அல்ல. அது அமானிதத்தில் கை வைப்பது. அந்தப் பணம் உங்களுடையதும் இல்லை, அதற்கு ஜகாத் கொடுத்தால் சுத்தமாவதும் இல்லை. அரசுக்கு வரி கட்டுகிறோமே, அதையே ஜகாத்தாகக் கழித்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு ரமளானிலும் ஒருவராவது கேட்கிறார். முடியாது.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அரசே சட்டமன்றத்தில் வைத்த கணக்கு இது. இந்த பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியிருப்பது 13,807 கோடி. 2025 மார்ச்சில் 1 கோடியே 15 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டது. நல்ல திட்டம், நம் மஹல்லாவிலும் பல வீடுகளில் அந்த ஆயிரம்தான் மாதக் கடைசியைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் அந்தப் பெண்களுக்குக் கொடுப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல் அவர்களுடைய கணவன்மாரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் மதுக்கடை வழியாக வாங்கப்படுகிறது. குர்ஆனில் மதுவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அல்லாஹ் என்ன பதில் சொன்னான்? அதில் மக்களுக்குச் சில பலன்களும் உண்டு, ஆனால் அதன் பாவம் பலனை விடப் பெரிது என்றான். கஜானாவுக்கு வருவாய் என்பதும் அந்தப் 'பலன்' வகைதான். பெரிதை விட்டுச் சிறிதை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

'நாம் குடிப்பதில்லையே' என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. முதலாவது, அது முழு உண்மை இல்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்று இங்கே அமர்ந்திருக்கும் பலருக்குத் தெரியும். இரண்டாவது, பக்கத்து ஊர்ச் சகோதரியின் அடுப்பு அணைந்தால் அது நம் பிரச்சினை இல்லை என்று சொல்ல நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை.

பொதுப்பணம் சரியாகச் செலவாகிறதா என்று எதை வைத்து அளப்பது? ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இப்னு ஸஅத் (ரஹ்) அவர்களின் தபகாத்தில் வருவது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரு வியாபாரக் கூட்டம் மதீனாவுக்கு வந்து தொழுகைத் திடலில் தங்கியது. இரவில் திருட்டு நடக்கக் கூடாதே என்று உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் காவலுக்குப் போனார்கள். தொழுவதும் காவல் காப்பதுமாக இரவு கழிந்தது. ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. உமர் (ரலி) அந்தத் தாயிடம் போய், அல்லாஹ்வைப் பயந்து குழந்தையைக் கவனித்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். மறுபடியும் அழுகை. மறுபடியும் போய்ச் சொன்னார்கள். இரவின் கடைசியில் மூன்றாவது முறையும் அழுகை கேட்டது. என்ன தாய் நீ, உன் பிள்ளை இரவெல்லாம் தூங்கவே இல்லையே என்று கடிந்துகொண்டார்கள். பேசுவது கலீஃபா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், பிள்ளை மறுக்கிறது என்றார். ஏன் அவசரம்? பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தானே உமர் உதவித்தொகை தருகிறார்! வயது என்ன? இன்ன மாதம் என்றார். பச்சைக் குழந்தை!

அன்றைய ஃபஜ்ரில் உமர் (ரலி) ஓதியது மக்களுக்குப் புரியவில்லை, அவ்வளவு அழுகை. ஸலாம் கொடுத்ததும், உமருக்கு வந்த கேடே, முஸ்லிம்களின் குழந்தைகளில் எத்தனை பேரைக் கொன்றாரோ என்ற கருத்தில் தம்மையே நொந்துகொண்டார்கள். உடனே அறிவிப்புச் செய்தார்கள். பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுப் பாலை நிறுத்தாதீர்கள், இனிமேல் பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று எல்லா ஊர்களுக்கும் எழுதி அனுப்பினார்கள்.

சகோதரர்களே, உமர் (ரலி) போட்ட முதல் விதியில் கெட்ட எண்ணம் இருந்ததா? இல்லை. பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாயிடமே உணவு இருக்கிறது, சோறு தின்ன ஆரம்பித்த பிறகு உதவி தேவை என்பது பார்வைக்கு நியாயமான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கூடாரத்துக்குள் போய் ஒரு குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கியது. இரவில் நடந்து போய்க் காது கொடுத்ததால் தெரிந்தது. தெரிந்த அன்றே மாற்றினார்கள், அடுத்த பட்ஜெட் வரட்டும் என்று சொல்லவில்லை.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக வரி நிர்வாகம் பற்றி எழுதிய கிதாபுல் கராஜில் இன்னொரு சம்பவம் வருகிறது. பிச்சை கேட்டு நின்ற பார்வையற்ற ஒரு யூத முதியவரை உமர் (ரலி) கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய்க் கொடுத்தார்கள். பிறகு பைத்துல் மால் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனியுங்கள், வாலிபத்தில் இவரிடம் வரியை வாங்கிவிட்டு முதுமையில் கைவிட்டால் அது நீதியாகாது என்ற கருத்தில் சொன்னார்கள். அவருக்கு வரியையும் நீக்கினார்கள். வாங்கிய கைக்கு, கொடுத்தவன் தளர்ந்தபோது தாங்கும் கடமை உண்டு. அவன் எந்த மதமாக இருந்தாலும்.

நம் மஹல்லாவுக்கு வருவோம். ஒரு சகோதரி, பெயர் வேண்டாம், பீடி சுற்றுகிறார். கணவர் நோயாளி. மாதம் 15ஆம் தேதி வாக்கில் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. அந்தச் சகோதரி குழுக் கடன் வாங்கியிருக்கிறார். வாரம் 650 ரூபாய் தவணை. செவ்வாய்க்கிழமை வசூலுக்கு ஆள் வருவார். ஆக, அரசு ஒரு மாதத்துக்குக் கொடுத்த பணம் இரண்டு செவ்வாய்க்கிழமை கூடத் தாங்கவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன். அதை அடைக்க, கல்யாணத்துக்கு எடுத்த வளையல் அடகில். 2025 மார்ச்சில் பவுன் 66 ஆயிரத்தைத் தாண்டியது, இனி அந்த வளையலை மீட்பது எப்போது? அரசு பெண்ணின் கையில் கொடுக்கிறது, வட்டி வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று காரணம் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். மதரஸாவில் நான் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறேன். வட்டி அங்கே வேறு பாடம் நடத்துகிறது.

ஆரம்பக் காலத்தில் கடனோடு இறந்தவரின் ஜனாஸா வந்தால், அதை அடைக்க ஏதாவது விட்டுச் சென்றாரா என்று நபி (ஸல்) கேட்பார்கள். இல்லையென்றால் நீங்கள் தொழுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஒருமுறை சில தீனார்கள் கடனுக்காக ஒரு ஜனாஸா நின்றபோது, அபூகதாதா (ரலி) நான் பொறுப்பேற்கிறேன் என்றார்கள். அதன் பிறகுதான் தொழவைத்தார்கள். இது நமக்குத் தெரிந்த ஹதீஸ். அடுத்த பகுதியைப் பலர் சொல்வதில்லை. வெற்றிகள் கிடைத்துப் பொதுநிதி பெருகியதும், யார் கடனை விட்டு இறக்கிறாரோ அதை அடைப்பது என் பொறுப்பு, யார் சொத்தை விட்டுச் செல்கிறாரோ அது அவருடைய வாரிசுகளுக்கு என்ற கருத்தில் அறிவித்துவிட்டார்கள். கஜானாவில் பணம் வந்ததும் முதலில் நினைவுக்கு வந்தவர்களில் கடனாளியின் குடும்பம் இருந்தது. சூரா தவ்பாவில் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளையும் அல்லாஹ் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறான்.

அந்தப் பங்கு நம் மஹல்லாவில் எங்கே போகிறது? ரமளானில் வாசலில் வரிசை நிற்க வைத்து ஆளுக்கு நூறு, இருநூறு என்று கொடுக்கிறோம். வாங்கியவருக்கு அது இரண்டு நாள் மளிகை. பெருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை வசூல்காரர் மறுபடியும் வருவார். ஐம்பது பேருக்குச் சில்லறையாகப் போகும் தொகையில் இரண்டு குடும்பங்களின் குழுக் கடனை முழுமையாக முடித்துவிடலாம். சில்லறைக் கொடை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை ஸதக்காவில் செய்யுங்கள். ஜகாத்தில் ஒரு பெரும் பகுதியை ஒரே இடத்தில் சேருங்கள்.

குடும்பத் தலைவர்களே, உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டங்களின் வருவாயிலிருந்து தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்குத் தேவையானதை ஒதுக்கி வைப்பார்கள் என்று புகாரியில் வருகிறது. தவக்குலின் தலைவரே சேமித்து வைத்தார்கள். நீங்கள்? துபாயிலிருந்து வரும் பணம் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாது, வீட்டில் எவ்வளவு கடன் என்று கணவனுக்குத் தெரியாது. கடனை எழுதி வையுங்கள் என்று குர்ஆனின் மிக நீண்ட வசனமே இறங்கியிருக்கிறது. ஒரு நோட்டு வாங்கி வரவு, செலவு, கடன் மூன்றையும் எழுதுங்கள். அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். மகளின் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் வட்டிக்கு வாங்கிவிட்டு அரசின் கடனைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்? வரதட்சணையைப் பற்றி ஷவ்வாலில் ஒரு முழு ஜும்ஆ பேச வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

கிடைக்க வேண்டிய உரிமையை விடுவதும் சரியில்லை. உரிமைத் தொகை கிடைக்காத தகுதியான பெண்கள் மீண்டும் விண்ணப்பிக்க வாய்ப்பு தரப்படும் என்று இந்த பட்ஜெட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை முக்கிய நிபந்தனைகள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நம் மஹல்லாவில் எத்தனையோ வீடுகளில் அந்த அட்டை இல்லை. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் அலைகிறோம், அதற்குள் வளையல் அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. பொய் வருமானச் சான்று மட்டும் வாங்காதீர்கள். தகுதி இல்லாதவர் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் தகுதியுள்ள ஒரு வீட்டின் பங்கு.

இந்த ரமளானில் நம் ஜமாஅத் எடுத்திருக்கும் முடிவைச் சொல்லி முடிக்கிறேன். நாளை முதல் பிறை 27 வரை, தினமும் அஸருக்குப் பிறகு பள்ளி அலுவலகத்தில் மூன்று பேர் அமர்ந்திருப்பார்கள். குழுக் கடனிலோ அடகிலோ சிக்கியிருப்பவர்கள் கடன் அட்டையையும் நகை ரசீதையும் எடுத்து வாருங்கள். பெண்கள் நேரில் வரச் சங்கடப்பட்டால் மதரஸா ஆலிமாவிடம் கொடுத்து அனுப்பலாம். பெயர் அந்த மூவரைத் தாண்டிப் போகாது, கரும்பலகையில் வராது, போட்டோ எடுக்க மாட்டோம். ஜகாத் வாங்கத் தகுதியுள்ளவர்களின் கடன் தொகையை அவர்கள் கையிலேயே உரிமையாக்கிக் கொடுத்து, ஒருவர் கூடவே போய் அன்றே கணக்கை முடித்து ரசீது வாங்கி வருவார். தகுதியில்லாமல் ஆனால் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு, ஸதக்கா நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன். மாதத் தவணை, முடியாத மாதம் அவகாசம் கேட்கலாம்.

ஜகாத் கணக்குப் பார்க்காதவர்கள் இன்று இரவே பாருங்கள், நகையை எடை போட்டுப் பாருங்கள். நன்கொடை தருபவர்கள் 'கடனாளிகளுக்கு' என்று சொல்லித் தாருங்கள், தனி ரசீது புத்தகம் இருக்கிறது. பெருநாளுக்கு அடுத்த ஜும்ஆவில் எவ்வளவு வந்தது, எத்தனை கடன் முடிந்தது, எத்தனை வளையல் வீடு திரும்பியது என்று இதே மிம்பரில் கணக்கு வாசிக்கப்படும். பொருளாளர் அவர்களே, கணக்கைத் தயாராக வைத்திருங்கள்.